பெயர் எழுதப்படாத பயணி: இப்னு கல்தூனின் துணைவியாரும் 1384ஆம் ஆண்டின் கப்பற்சேதமும்

ஹிஜ்ரி 786ஆம் ஆண்டில் (கி.பி. 1384) தூனிஸிலிருந்து எகிப்தை நோக்கி வந்த கப்பலொன்று, அலெக்சாந்திரியாக் கரையை அணுகிய வேளையில் புயற்காற்றில் சிக்கி மூழ்கியது. மத்தியதரைக் கடலின் நெடிய வரலாற்றில் இத்தகைய சேதங்கள் எண்ணற்றவை. அவற்றுள் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இடம்பெறாமலே மறைந்துபோயின. இந்த ஒரு கப்பல் ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் நினைவுகூரப்படுவதற்குக் காரணம், அதன் வருகைக்காக எகிப்தில் காத்திருந்த ஒருவர். வரலாற்றியலுக்கும் சமூகவியலுக்கும் முன்னோடியென உலகம் போற்றும் இப்னு கல்தூன் (ரஹ்) அப்போது கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியாக அமர்ந்திருந்தார். அக்கப்பலில் வந்தவர்கள் அவருடைய துணைவியாரும் பிள்ளைகளும் ஆவர்.

இப்னு கல்தூனின் 'முகத்திமா'வைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அரசுகளின் எழுச்சி வீழ்ச்சி குறித்தும் 'அஸபிய்யா' எனும் குழுப்பிணைப்பு குறித்தும் அவர் வகுத்த கோட்பாடுகள் நம் அறிஞர்களால் பலவாறு விளக்கப்பட்டுள்ளன. ஆனால் கடலில் மூழ்கிய அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச முற்படுவோர், அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றனர். அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதிய 'அத்தஅரீஃப்' எனும் நூலிலும் அக்குடும்பத்திற்கென ஒரு தனிப்பகுதி இல்லை. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சில குறிப்புகள் மட்டுமே உள்ளன. அவற்றைக் கோத்துப் பார்த்து, அக்கப்பலில் உயிர்நீத்த ஒரு பயணியின் வாழ்வையும் மறைவையும் இக்கட்டுரையில் காண விழைகிறோம்.

முதல் இழப்பு

இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமழான் முதல் நாளில் (1332 மே 27) தூனிஸில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஹளரமவ்த் வழிவந்தவர்கள். ஸ்பெயினின் செவில் நகரில் பெருவாழ்வு வாழ்ந்து, அந்நகர் கிறிஸ்தவர் வசமாவதற்கு முன் வட ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். 1347ஆம் ஆண்டு மொராக்கோவின் மரீனிய சுல்தான் அபுல் ஹஸன் தூனிஸைக் கைப்பற்றியபோது, அவருடைய பரிவாரத்தில் அக்காலத்தின் பேரறிஞர்கள் பலர் உடன் வந்தனர். பதினைந்து வயது நிரம்பிய இப்னு கல்தூனுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு பல்கலைக்கழகம் வந்து இறங்கியது போன்ற வாய்ப்பு அது. ஆனால் அது நீடிக்கவில்லை. 1348இல் சுல்தான் கைரவானுக்கு அருகே அரபுக் குலத்தவரிடம் தோல்வியுற்றார். அதே வேளையில் உலகையே உலுக்கிய கொள்ளைநோய் தூனிஸையும் பற்றியது. இப்னு கல்தூனின் தந்தை, தாய் இருவரும் அதில் மறைந்தனர். ஆசிரியர்கள் பலரும் மாண்டனர்.

எஞ்சியிருந்த அறிஞர்களுள் பலரைக் கடல் கொண்டது. தூனிஸை விட்டு வெளியேறிய சுல்தான், ஹிஜ்ரி 750இல் தம் கடற்படையுடன் மொராக்கோவுக்குத் திரும்பும் வழியில், பிஜாயாக் கடற்கரையருகே புயல் அக்கப்பல்களைச் சிதறடித்தது. சுல்தான் ஒருவாறு உயிர் தப்பினார். உடன்சென்ற அறிஞர்களுள் பலர் மூழ்கினர். பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஒப்பற்றவராக விளங்கிய அஸ்ஸத்தீ அவர்களுள் ஒருவர். திருக்குர்ஆன் ஓதும் கலையில் தலைசிறந்த அபுல் அப்பாஸ் அஸ்ஸவாவீ மற்றொருவர். மிக்னாஸ் நகரத்து இப்னுஸ் ஸப்பாக் இன்னொருவர். குருவி இறந்த துயரில் இருந்த ஒரு சிறுவனுக்கு நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறிய சிறு ஹதீஸ் ஒன்றிலிருந்து நானூறு பயன்களை எடுத்துரைத்தவர் என இவர் புகழ்பெற்றவர். தத்துவக் கலைகளில் வல்ல அல்ஆபிலீ தூனிஸிலேயே தங்கிவிட்டமையால் பிழைத்தார். அவரிடமே இப்னு கல்தூன் தொடர்ந்து சில ஆண்டுகள் பயின்றார்.

இந்த ஆசிரியர்களைப் பற்றி இப்னு கல்தூன் தம் நூலில் எழுதியிருப்பதை இங்குக் கருதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரின் பெயர், குலம், ஊர், யாரிடம் என்ன பயின்றார், எவ்வாறு மறைந்தார் என்றெல்லாம் நிதானமாகப் பதிவு செய்கிறார். மூழ்கிய கப்பல்களிலிருந்து அவர்களுடைய வாழ்வை மீட்டெடுத்துத் தருகிறார் எனலாம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே கடல் அவருடைய இல்லத்தையே கொண்டுசென்றபோது, இத்தகைய பதிவு எதுவும் எழுதப்படவில்லை.

தளபதியின் மகள்

இப்னு கல்தூனின் துணைவியாரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான குறிப்பு 1362ஆம் ஆண்டுக்குரியது. அப்போது அவர் ஃபெஸ் நகர அரசவையில் இருந்தார். அங்கே நிலைமை கசந்துபோகவே ஊர் திரும்ப விரும்பினார், ஆட்சியாளர்கள் இசையவில்லை. அவர் தங்கள் பகைவரான தில்மிசான் மன்னருடன் சேர்ந்துவிடுவார் என்பது அவர்களின் அச்சம். இறுதியில் தில்மிசானுக்குச் செல்வதில்லை என்ற உடன்பாட்டின்பேரில் விடை கிடைத்தது. அவர் கிரனாடாவைத் தேர்ந்தெடுத்தார். புறப்படுமுன் துணைவியாரையும் பிள்ளைகளையும் கான்ஸ்டன்டைன் நகருக்கு, பிள்ளைகளின் தாய்மாமன்மார்களிடம் அனுப்பிவைத்தார். அந்தத் தாய்மாமன்மார்கள், ஹஃப்ஸிய அரசின் தளபதியாக விளங்கிய முஹம்மது இப்னுல் ஹகீமின் மைந்தர்கள் என்றும் எழுதுகிறார்.

அம்மையார் இன்னார் மகள் என்பதை நாம் அறிவது இந்த ஒரு வாக்கியத்தால்தான். அவர் ஒரு தளபதியின் வீட்டில் வளர்ந்தவர். அரசியலின் ஏற்றத்தாழ்வுகளைப் பிறந்த வீட்டிலேயே கண்டவர். அவருடைய தந்தையின் பெயர் உண்டு, உடன்பிறந்தார் உண்டு, ஊர் உண்டு. அவர் பெயர் மட்டும் இல்லை. 'அத்தஅரீஃப்' நூல் நெடுகிலும் அவர் 'அஹ்ல்' என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகிறார். பிள்ளைகள் 'வலத்' என்ற சொல்லால். 1384இல் கப்பலில் வந்தவர் இந்த அம்மையாரேதான் என்று நூல் வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும் குடும்பத்தைக் குறிக்கும் அந்தச் சொல் 1362 முதல் 1384 வரை இடையறாது தொடர்ந்து வருகிறது. அச்சொல்லைப் பின்தொடர்ந்து செல்வதே நம்மால் இயன்ற வழி.

கிரனாடாவில் சுல்தான் ஐந்தாம் முஹம்மதும், அவருடைய அமைச்சரும் மாபெரும் எழுத்தாளருமான லிஸானுத்தீன் இப்னுல் கத்தீபும் இப்னு கல்தூனைப் பெருமதிப்புடன் வரவேற்றனர். 1364இல் செவில் நகருக்குத் தூதுவராக அனுப்பப்பட்டு, காஸ்டில் மன்னர் பெட்ரோவைச் சந்தித்தார். தங்கிவிட இசைந்தால் முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக அம்மன்னர் கூறியதையும் மறுத்துத் திரும்பினார். வாழ்வு நிலைபெற்றுவிட்டதாகத் தோன்றிய அந்நாளில் அவருக்குக் குடும்பத்தின் நினைவு மேலோங்கியது. சுல்தானிடம் தெரிவித்தார். சுல்தான் ஆளனுப்பிக் குடும்பத்தைக் கான்ஸ்டன்டைனிலிருந்து தில்மிசானுக்கு அழைத்துவரச் செய்தார். அங்கிருந்து அவர்களைக் கடல்வழியே கொண்டுவருமாறு அல்மேரியாவிலிருந்த கடற்படைத் தலைவருக்கு ஆணை சென்றது. இப்னு கல்தூன் அல்மேரியாத் துறைமுகத்திற்கு நேரில் சென்று அவர்களை எதிர்கொண்டார். வீடும் தோட்டமும் வாழ்வுக்கு வேண்டிய பிறவும் முன்னரே ஆயத்தம் செய்திருந்த கிரனாடாவுக்கு அழைத்துச் சென்றார்.

அம்மையார் கடல்கடந்து வந்து கணவரைக் கரையில் கண்ட நாள் அது. அவரும் பிள்ளைகளும் நலமாகக் கரையிறங்கிய அக்காட்சியை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இருபது ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு துறைமுகத்தில் அது மீண்டும் நிகழ்ந்திருக்க வேண்டும்.

பாலைவனமும் கோட்டையும்

கிரனாடா வாழ்வு குறுகியது. 1365இல் இப்னு கல்தூன் பிஜாயா அமீரின் அழைப்பை ஏற்று ஹாஜிபாகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே அவ்வமீர், தம் உறவினரான கான்ஸ்டன்டைன் ஆட்சியாளர் அபுல் அப்பாஸின் படையால் கொல்லப்பட்டார். வெற்றியாளரிடம் சிறிது காலம் இருந்த இப்னு கல்தூன், ஐயம் தம்மீது திரும்புவதை உணர்ந்து விலகிச் சென்றார். அவருடைய தம்பி யஹ்யா சிறையிடப்பட்டார். பின்னர் பல ஆண்டுகள் பாலைவன விளிம்பிலுள்ள பிஸ்க்ராவே குடும்பத்தின் இருப்பிடமாயிற்று.

1372இல், மீலாது நாளன்று, குடும்பத்துடன் பிஸ்க்ராவிலிருந்து மரீனிய சுல்தான் அப்துல் அஸீஸை நாடிப் புறப்பட்டார். வழியிலேயே அச்சுல்தான் இறந்த செய்தி எட்டியது. ஃபெஸ் நோக்கிப் பாலைவழியே சென்ற கூட்டத்தைத் தில்மிசான் மன்னரின் தூண்டுதலால் ஒரு குலத்தார் தாக்கிச் சூறையாடினர். குதிரைகளும் உடைமைகளும் பறிபோயின. இப்னு கல்தூன் இரண்டு நாட்கள் பாலைவெளியில் அலைந்து, பின்னரே தம்மவரைச் சென்றடைந்தார்.

ஃபெஸ் நகரிலும் நிம்மதியில்லை. ஹிஜ்ரி 776இல் (1374-75) மீண்டும் கிரனாடாவுக்குச் சென்றார். இம்முறை ஃபெஸ் ஆட்சியாளர்கள் குடும்பத்தைப் பின்தொடர விடவில்லை, தடுத்து நிறுத்தினர். அவரைத் திருப்பி அனுப்புமாறு கிரனாடா சுல்தானையும் நெருக்கினர். இறுதியில் அவர் ஆப்பிரிக்கக் கரையில் கொண்டுவந்து விடப்பட்டார். தில்மிசானுக்கு அருகே அபூ மத்யன் (ரஹ்) அடக்கமாகியுள்ள அல்உப்பாதில் தங்கியிருந்தபோது, ஃபெஸ் நகரிலிருந்து துணைவியாரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர்.

இதற்குப் பின் வந்ததே உலகறிந்த அந்த நான்காண்டு ஒதுக்கம். அரசியல் தூதுப் பணியொன்று சுமத்தப்பட்டபோது, அதிலிருந்து விலகி அவ்லாது ஆரிஃப் குலத்தாரிடம் அடைக்கலம் புகுந்தார் இப்னு கல்தூன். அவர்கள் தில்மிசானிலிருந்த குடும்பத்தையும் அழைத்துவந்து, இப்னு ஸலாமா கோட்டையில் குடியமர்த்தினர். இன்றைய அல்ஜீரியாவில் ஃபிரெண்டா நகருக்கு அருகில் அக்கோட்டையின் இடம் உள்ளது. ஹிஜ்ரி 779இன் நடுப்பகுதியில் (1377), ஐந்து மாத காலத்தில், 'முகத்திமா'வின் முதல் வடிவம் அங்கேதான் எழுதி முடிக்கப்பெற்றது.

'முகத்திமா' உலகை விட்டு ஒதுங்கிய ஓர் அறிஞரின் தனிமையில் பிறந்த நூல் என்று நாம் வழக்கமாகச் சொல்லிவருகிறோம். அந்தத் தனிமை ஆளரவமற்ற தனிமையன்று. குடும்பம் அக்கோட்டையில் உடனிருந்தது. பெருநூலொன்று உருவான வீட்டில் அடுப்பெரிந்தது. பிள்ளைகளின் குரல் கேட்டது. பல ஊர்களில் குடியேறிக் குடியெழுந்து களைத்த ஒரு தாய்க்கும் சற்று ஓய்வு வாய்த்தது. இவற்றை நூல் சொல்லவில்லை. குடும்பத்தை அங்கு அழைத்துவந்தனர் என்ற ஒரு வரி சொல்கிறது. அவ்வரி நமக்குப் போதும்.

அந்த நூலில் கடலைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. கடற்படைத் தலைமை பற்றி எழுதுமிடத்தில், தொடக்ககால முஸ்லிம்கள் கடற்பயணத்திற்குத் தயங்கியதையும், கலீஃபா உமர் (ரலி) எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸிடம் (ரலி) கடலின் இயல்பைக் கேட்டறிந்தபின் படைகளைக் கடலில் செலுத்தத் தடைவிதித்ததையும், முஆவியா (ரலி) காலத்தில் அத்தடை நீங்கியதையும் இப்னு கல்தூன் விவரிக்கிறார். பின்னர் அதே கடலில் முஸ்லிம்களின் கப்பற்படை எவ்வாறு ஓங்கிற்று, எவ்வாறு மங்கிற்று என்று ஆராய்கிறார். இதை எழுதிய ஏழு ஆண்டுகளில் அவருடைய இல்லம் அக்கடலில் மூழ்கியது.

பிணையாக நின்றவர்கள்

நோயுற்றுத் தேறியபின், நூல்களைத் தேடியும் முன்னோரின் ஊரை நாடியும் ஹிஜ்ரி 780இல் (1378) இப்னு கல்தூன் தூனிஸ் திரும்பினார். முன்பு பிஜாயா அமீரை வென்ற அதே அபுல் அப்பாஸ்தான் இப்போது தூனிஸின் சுல்தான். அவர் பழையதை மறந்து ஆதரித்தார். குடும்பமும் வந்து சேர்ந்தது. ஆயினும் அரசவைப் பொறாமைகள் ஓயவில்லை. மாலிக்கி மத்ஹபின் பெரும் சட்ட அறிஞரான இப்னு அரஃபாவுக்கும் இவருக்குமிடையே நிலவிய பிணக்கு வெளிப்படையானது. சுல்தானோ தாம் செல்லும் படையெடுப்புகளில் இவரை உடனழைத்துச் சென்றார். மீண்டும் அரசியலில் சிக்க விரும்பாத இப்னு கல்தூன், ஹஜ் கடமையை நிறைவேற்ற விடை கேட்டார். துறைமுகத்தில் அலெக்சாந்திரியா வணிகர்களின் கப்பலொன்று சரக்கேற்றிப் புறப்பட ஆயத்தமாக நின்றிருந்தது. ஹிஜ்ரி 784 ஷஅபானில் (1382 அக்டோபர்) அதில் ஏறினார். சுமார் நாற்பது நாள் கடற்பயணத்திற்குப் பின் நோன்புப் பெருநாளன்று அலெக்சாந்திரியா வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டு ஹஜ் கூடவில்லை. கெய்ரோ அவரை ஈர்த்துக்கொண்டது. அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார். புதிதாக அரியணையேறியிருந்த மம்லூக் சுல்தான் பர்கூக் அவரை ஆதரித்தார். ஸலாஹுத்தீன் அய்யூபி நிறுவிய கம்ஹிய்யா மதரஸாவில் ஆசிரியப் பொறுப்பு கிடைத்தது. ஹிஜ்ரி 786 ஜமாதுல் ஆகிரில் (1384 ஆகஸ்ட்) மாலிக்கி தலைமைக் காழியாக நியமிக்கப்பட்டார்.

குடும்பம் தூனிஸிலேயே இருந்தது. இப்னு கல்தூன் திரும்பி வரவேண்டும் என்று விரும்பிய சுல்தான் அபுல் அப்பாஸ், அவர்களை வெளியேற அனுமதிக்கவில்லை. குடும்பம் இருக்குமிடத்திற்கு மனிதன் ஒருநாள் வந்துதான் ஆகவேண்டும் என்பது கணக்கு. ஃபெஸ் ஆட்சியாளர்கள் முன்னர் போட்ட கணக்கும் இதுவே. கத்தியின்றிச் சங்கிலியின்றி ஒருவரைக் கட்டிவைக்கும் இந்த முறையில், கட்டப்படுபவர் ஒருவர். காவலில் இருப்பவர் மற்றொருவர்.

இப்னு கல்தூன் சுல்தான் பர்கூக்கிடம் முறையிட்டார். பர்கூக், தூனிஸ் சுல்தானுக்குப் பரிந்துரை மடல் எழுதி, அக்குடும்பத்தை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொண்டார். கேட்டவர் எகிப்தின் அதிபதி, மறுப்பதற்கில்லை. அம்மையாரும் பிள்ளைகளும் கப்பலேறினர். இரண்டு ஆண்டுகள் தடுத்துவைத்த கை ஒருவாறு விலகியது.

வாராத கப்பல்

தூனிஸிலிருந்து அலெக்சாந்திரியா வரையிலான கடல்வழி எளிதன்று. காற்றையே நம்பிய அக்காலக் கப்பல்களுக்கு அது வாரக்கணக்கான பயணம். இப்னு கல்தூனுக்கு நாற்பது நாட்கள் பிடித்ததைக் கண்டோம். ஹஜ்ஜை முடித்து ஜெனோவாக் கப்பலில் ஊர் திரும்பிய ஸ்பெயின் பயணி இப்னு ஜுபைர், 1184இல் ஸிஸிலித் தீவின் மெஸீனாவுக்கருகே கப்பலுடைந்து உயிர் தப்பியதைத் தம் பயணநூலில் விரிவாக எழுதியுள்ளார். ஒரு கப்பல் நடுக்கடலைக் கடந்துவிட்டாலும் கரையருகே அழியக்கூடும் என்பதற்கு அது சான்று. தூனிஸிலிருந்து வந்த கப்பலும் நெடும்பயணத்தின் கடைசியில்தான் அழிந்தது.

மூழ்கும் கப்பலில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்ல எவருமில்லை. இப்னு கல்தூன் எழுதுவது மிகச் சில சொற்களே. கப்பலைப் பெருங்காற்று தாக்கியது, அது மூழ்கியது என்கிறார். பொருள், இல்லறம், மக்கட்பேறு ஆகிய மூன்றும் போயின என்பதை அரபு மொழியின் எதுகை நயத்தோடு மூன்றே சொற்களில் அடக்கிவிடுகிறார். துயரம் பெரிதாயிற்று என்றும், உலகைத் துறக்கும் எண்ணம் மேலோங்கிற்று என்றும், பதவியை விட்டுவிட நினைத்தபோது சுல்தானின் சினத்துக்கு ஆளாக நேரும் என நலம்விரும்பி ஒருவர் தடுத்தார் என்றும் எழுதுகிறார். அவ்வளவே.

அவர் அந்நாளில் கெய்ரோவின் நீதிமன்றத்தில் கடும் எதிர்ப்புக்கிடையே இருந்தார். பொய்ச் சாட்சியம் கூறியோரைத் தண்டித்தார். செல்வாக்குள்ளோரின் பரிந்துரைகளைப் புறக்கணித்தார். அதனால் பகை சூழ்ந்தது. மேற்கிலிருந்து வந்தவருக்கு எகிப்தின் வழக்கம் தெரியாது என்ற பேச்சும் எழுந்தது. வீடு சென்றால் ஆறுதல் கூற வீட்டார் இல்லை. ஹிஜ்ரி 787இல் (1385) சுல்தான் அவரைப் பதவியிலிருந்து விடுவித்தார். அது அவருக்கு விடுதலையாகவே இருந்தது. பாடம் நடத்துவதிலும் எழுதுவதிலும் இரண்டாண்டுகளுக்கும் மேல் கழிந்தன. ஹிஜ்ரி 789இல் (1387) ஹஜ் பயணம் மேற்கொண்டார். ஸினாயின் தூர் துறைமுகத்திலிருந்து யன்பூவுக்குச் செங்கடலில் கப்பலேற வேண்டியிருந்தது. குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்தவர், ஐந்தாண்டுகளுக்கு முன் தூனிஸில் எந்தக் கடமையின் பெயரால் விடைபெற்றாரோ அக்கடமைக்காக மீண்டும் கடலில் இறங்கினார்.

ஷரீஅத்தின் பார்வையில்

கொள்ளைநோயில் இறந்தவரையும் நீரில் மூழ்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துக் கூறியிருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. இப்னு கல்தூனின் பெற்றோர் கொள்ளைநோயில் மறைந்தனர். அவருடைய துணைவியாரும் பிள்ளைகளும் நீரில் மறைந்தனர். அறுபட்டுப்போன அக்குடும்பத்தின் இரு தலைமுறையும் ஒரே நபிமொழியின் நற்செய்திக்குள் வந்துவிடுகின்றன. ஹதீஸ் கலையில் தேர்ந்த ஒரு காழிக்கு இது நினைவில் எழாமல் இருந்திருக்குமா என்று நாம் எண்ணாமலிருக்க இயலவில்லை.

இன்னொன்றும் உண்டு. கண்ணெதிரே இல்லாத மையித்துக்காகத் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகையை ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகள் ஏற்கின்றன. நஜ்ஜாஷி மன்னருக்காக நபி (ஸல்) அவர்கள் தொழுததே அவற்றுக்கு ஆதாரம். ஹனஃபி, மாலிக்கி மத்ஹபுகள் அதனை நபியவர்களுக்கே உரிய சிறப்பாகக் கொண்டு, பிறருக்கு ஏற்பதில்லை. எகிப்தில் மாலிக்கி மத்ஹபின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவர், கடல் திருப்பித் தராத தம் குடும்பத்தாருக்கு, தம் மத்ஹபின்படி, துஆவைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

மௌனத்தின் பொருள்

பெண்ணின் பெயரை எழுதாமை மார்க்கத்தின் கட்டளை என்று எவரேனும் கருதினால், நம் வரலாற்று மரபே அதை மறுக்கும். முஸ்லிம்களின் தொடக்ககாலக் கடற்படையெடுப்பில் சைப்ரஸ் தீவுக்குச் சென்று, அங்கு வாகனத்திலிருந்து விழுந்து இறந்த உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களின் பெயரும் தந்தையின் பெயரும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. அடக்கத்தலம் லார்னகாவுக்கருகே இன்றும் உள்ளது. இப்னு ஸஅது தம் 'தபகாத்' நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கே ஒதுக்கினார். இப்னு கல்தூன் வாழ்ந்த அதே கெய்ரோவில், அவரை நேரில் கண்டறிந்த இளைய அறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானியின் துணைவியார் உன்ஸ், ஹதீஸ் அறிவிப்பாளராகவே பெயர் பெற்றிருந்தார். கொள்ளைநோயில் இறந்த இப்னு ஹஜரின் மகள்களின் பெயர்களையும் நாம் அறிவோம். அவருடைய மாணவர் அஸ்ஸகாவீ, ஒன்பதாம் நூற்றாண்டு மக்களின் வரலாறாகத் தொகுத்த 'அள்ளவ்உல் லாமிஃ' நூலின் பன்னிரண்டாம் பகுதி முழுவதும் பெண்களின் வரலாறே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இடம்பெற்றுள்ளனர்.

ஆகவே இப்னு கல்தூனின் மௌனத்துக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அவர் எழுதியது ஓர் அரசியல் மனிதரின் வரலாறு. அரசவைகள், பதவிகள், மடல்கள், தூதுகள் ஆகியவையே அதன் உடல். அதில் குடும்பம் தோன்றுவது, அது அரசியலைத் தொடும்போது மட்டுமே: அனுப்பப்படும்போது, அழைக்கப்படும்போது, தடுக்கப்படும்போது, இறுதியாக இழக்கப்படும்போது. மேலும், துயரத்தைச் சுருங்கச் சொல்வது ஸப்ரின் ஒரு வகையாகவும் இருக்கலாம். மூன்று சொற்களுக்கு மேல் எழுதக் கை எழவில்லை என்றும் கொள்ள இடமுண்டு. அவர்மீது குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று.

ஆனால் அவரே நமக்குக் கற்பித்த முறையை அவருடைய வரலாற்றுக்கும் பொருத்திப் பார்ப்பது நம் கடமை. செய்தியை அப்படியே ஏற்காமல், அதன் அடியிலுள்ள சமூக நிலைமையைத் தேடவேண்டும் என்றார் அவர். அவ்வாறு தேடினால் 1384இன் கப்பற்சேதம் வெறும் காற்றின் செயலாக மட்டும் தெரியாது. ஒன்றையொன்று நம்பாத சிற்றரசுகள், அவற்றிடையே எழுதுகோலை நம்பி இடம் மாறிய அறிஞர்கள், அவர்களைக் கட்டிவைக்கப் பிணையாக நிறுத்தப்பட்ட குடும்பங்கள் ஆகிய யாவும் அதன் பின்னணியில் உள்ளன. அந்த அம்மையார் கணவருடனேயே 1382இல் புறப்பட்டிருக்கலாம். அக்கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்தது. அவர் வேறொரு கப்பலில், வேறொரு காற்றில் வர நேர்ந்தமைக்கு ஓர் ஆட்சியாளரின் கணக்கும் காரணம். விதி அல்லாஹ்வுடையது, கணக்கு மனிதருடையது. அரசுகள் வாழ்ந்து தேய்வதற்கு இத்தனை தலைமுறை என்று அளந்து சொன்ன நூலில், அந்த ஏற்றத்தாழ்வுகளுக்கு இல்லங்கள் கொடுத்த விலை அளக்கப்படவில்லை. அந்த விலை எத்தகையது என்பதை ஆசிரியரின் வீட்டு வரலாறே காட்டுகிறது.

இப்னு கல்தூன் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். 1401இல் டமாஸ்கஸ் நகருக்கு வெளியே தைமூரைச் சந்தித்தார். ஆறு முறை காழிப் பதவி வகித்தார். ஹிஜ்ரி 808 ரமழானில் (1406 மார்ச்) கெய்ரோவில் வபாத்தாகி, பாபுன் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூஃபிகளின் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கபுர் இன்னதென்று காட்ட இன்று அடையாளமில்லை. கடலில் மறைந்த துணைவியாருக்கும் அடையாளமில்லை. இருவரிடையே எஞ்சியிருப்பது ஒரு நூல். அதில் ஒருவரின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. மற்றவர் 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் இருக்கிறார். அந்நூலை இனி நாம் படிக்கும்போது, அச்சொல் வருமிடங்களில் சற்று நின்று செல்வோமாக. கான்ஸ்டன்டைனில் பிறந்தகத்தில் காத்திருந்தவரையும், அல்மேரியாவில் கரையிறங்கியவரையும், கோட்டையில் உடனிருந்தவரையும், அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலில் இறங்கிவிட்டவரையும் அச்சொல்லில் அடையாளம் காண்போமாக. பெயர்கள் யாவற்றையும் அறிந்த அல்லாஹ், அவரையும் அவருடைய பிள்ளைகளையும் ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்த்தருள்வானாக. ஆமீன்.